பிராஸ் ஐ: கையில் கொடுத்த தாளை அப்படியே வாசித்தவர்கள்

#1 ஈஸ்ட்ஹாம்வாசி

பிராஸ் ஐ என்ற பிரிட்டிஷ் டிவி பகடி நிகழ்ச்சி, ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் விஷயம். இங்கே நாலு பேரோடு பேசிப் பார்க்கலாம் என்று தொடங்குகிறேன்.

2001 ஜூலை 26, வியாழக்கிழமை இரவு. லண்டனில் ஈஸ்ட் ஹாமில் ஐந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீடு. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேனல் 4 பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துபவர்களைப் பற்றிச் சிறப்பு நிகழ்ச்சி என்று ஆரம்பித்தது. இடி மாதிரி இசை, சுழன்று வந்து முட்டும் எழுத்துகள், கோட்டு போட்டவர் முகத்தை இறுக்கிக்கொண்டு செய்தி வாசிக்கிறார். சில நிமிஷம் எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு சிட் ராப்சன் என்ற லேபர் கட்சி எம்.பி. வந்தார். இந்தக் குற்றவாளிகள் இணையத்தில் அயர்லாந்து அளவுக்கு இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றார். ரிச்சர்ட் பிளாக்வுட் என்ற நகைச்சுவைக் கலைஞர், கீபோர்டிலிருந்து ஒரு புகை கிளம்பும், அதை முகர்ந்த பிள்ளை சொன்னபடியெல்லாம் ஆடும் என்றார். வானொலி அறிவிப்பாளர் நீல் ஃபாக்ஸ், இவர்களுடைய மரபணு நம்மைவிட நண்டோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்றார். இது அறிவியல் உண்மை, இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, ஆனாலும் அறிவியல் உண்மை என்று அதே மூச்சில் சொல்லி முடித்தார். அப்போதுதான் நான் தட்டைக் கீழே வைத்தேன்.

இவர்கள் யாரும் நடிக்கவில்லை. நிஜ எம்.பி., நிஜ அறிவிப்பாளர். பாடகர் ஃபில் காலின்ஸ் ‘நான்ஸ் சென்ஸ்’ என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கான பிரசாரம் என்று நம்பிப் பேசினார். ‘நான்ஸ்’ என்பது இப்படிப்பட்ட குற்றவாளிகளுக்கு பிரிட்டிஷ் சிறைகளில் வழங்கும் வசைச் சொல். அதைத் தன் மார்பில் எழுதிக்கொண்டு நிற்கிறோமே என்று அவருக்கும் உறைக்கவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் சொல்லவில்லை.

செய்ததெல்லாம் கிறிஸ் மோரிஸ். 1994-ல் பிபிசியில் வந்த ‘தி டே டுடே’ என்ற செய்திப் பகடியில் பெயர் வாங்கியவர். 1997 ஜனவரி முதல் மார்ச் வரை சேனல் 4-ல் பிராஸ் ஐ ஆறு பகுதிகள் வந்தன. மிருகங்கள், போதை, அறிவியல், பாலுறவு, குற்றம், சீரழிவு என்று பகுதிக்கு ஒரு பீதி. அப்புறம் நான்கு வருஷம் கழித்து வந்த ஒற்றை நிகழ்ச்சிதான் நாங்கள் அன்று பார்த்தது.

போதை பற்றிய பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ‘கேக்’ என்று ஒரு போதை மாத்திரை. அப்படி ஒன்று உலகத்திலேயே கிடையாது. நல்ல மஞ்சள் நிறத்தில், நிஜமான கேக் அளவுக்கே பெரிசாக ஒரு வட்டை உருட்டி, போதை ஒழிப்பு அமைப்பு என்று ஒரு பெயரையும் சும்மா வைத்து, பிரபலங்கள் கையில் கொடுத்தார்கள். நோயல் எட்மண்ட்ஸ் அப்போது சனிக்கிழமை இரவில் நாடே பார்த்த தொகுப்பாளர். அவர் கேமராவை நேராகப் பார்த்துச் சொல்கிறார்: இந்த மாத்திரை மூளையில் ‘ஷாட்னர்ஸ் பசூன்’ என்ற பகுதியைத் தாக்கும். ஷாட்னர் ஒரு நடிகர், பசூன் ஒரு ஊதுகுழல். அந்தப் பகுதிதான் நேர உணர்வைக் கவனிக்கிறதாம், மாத்திரை போட்டால் ஒரு நொடி ஒரு மாதம் போல் தெரியுமாம். பிராக் நகரத்தில் ஒரு பள்ளிச் சிறுவன் தெருவைக் கடக்க ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்து டிராம் வண்டிக்கு முன்னால் நடந்து போய்விட்டான் என்கிறார். குரலில் அத்தனை வருத்தம். இன்னொருவர், இது ‘மேட் அப்’ மருந்து என்கிறார். செயற்கையாகத் தயாரித்தது என்ற பொருளில் அவர் சொல்கிறார். இட்டுக்கட்டியது என்றும் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள். அவர்கள் வாயாலேயே உண்மையைச் சொல்ல வைத்துவிட்டார்கள், அப்படியும் அவர்கள் காதில் அது விழவில்லை.

டேவிட் அமெஸ் என்ற கன்சர்வேடிவ் எம்.பி. இன்னும் ஒரு படி மேலே போனார். 1996 ஜூலையில் நாடாளுமன்றத்தில் இந்த கேக்கைப் பற்றி எழுத்துப்பூர்வமாகக் கேள்வி கேட்டார். உள்துறையிலிருந்து பதிலும் வந்தது. இல்லாத ஒரு மாத்திரை நாடாளுமன்றப் பதிவேட்டில் இடம்பிடித்துவிட்டது.

இது குழந்தைகளின் துயரத்தைக் கேலி செய்த நிகழ்ச்சி என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தாளைக் கையில் வாங்கியவர்கள் “இதை யார் சொன்னது?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த நிகழ்ச்சியே உருவாகியிருக்காது. அந்தக் கேள்வி வராததைத்தான் அது காட்டியது. நீங்கள் சொல்லுங்கள்.

#2 புதுவாசகன்

அண்ணா, நான் 2001-ல் பிறந்தவன். யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்திருக்கிறேன். அறிவியல் பகுதியில் ‘கனமான மின்சாரம்’ வரும் இல்லையா? மின்சாரம் கம்பியிலிருந்து ஒழுகிக் கீழே இருப்பவர்கள் தலையில் விழுகிறது, கண்ணுக்குத் தெரியாத ஒரு டன் ஈயக் கூழ் மாதிரி என்று படித்தவர்களே சொல்வார்களே. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்த யாருக்கும் சந்தேகம் வரவேண்டாமா? எல்லாரும் ஏமாந்தார்களா, யாராவது முடியாது என்று எழுந்து போனார்களா? இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

#3 செய்திமேசை

தம்பி, எழுந்து போனவர்களை யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். நாம் பார்ப்பது மாட்டிக்கொண்டவர்களை மட்டும்தான். இதை மறந்துவிட்டால் பிரபலங்கள் எல்லாருமே முட்டாள்கள் என்று தோன்றிவிடும்.

நான் பதினாறு வருஷமாக ஒரு செய்தி சேனலில் துணை ஆசிரியர். எந்த சேனல் என்று சொல்லப் போவதில்லை. இந்த ஏமாற்று எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு பிரபலத்துக்கு வாரத்துக்கு எத்தனையோ அழைப்பு வரும். இரத்ததானம், தலைக்கவசம், புற்றுநோய் என்று எல்லாம் நல்ல காரியம். மேலாளர் பார்ப்பது ஒன்றுதான்: பெயருக்குக் கெடுதல் வருமா வராதா. குழந்தைகளுக்கு ஆதரவாகப் பேசினால் என்ன கெடுதல் வரும்? காரில் வரும்போது தாளைக் கொடுப்பார்கள். வந்து நின்றதும் விளக்கு, மைக், “சார், கொஞ்சம் உணர்ச்சியோடு சொல்லுங்க”. எழுதியிருக்கும் பொருள் மேல் கவனம் போகாது, குரல் மேல்தான் போகும். நோயல் எட்மண்ட்ஸ் அந்த டிராம் கதையை அத்தனை அழகாகச் சொன்னதற்குக் காரணம் அவர் மடையர் என்பதல்ல, தேர்ந்த தொழில்காரர் என்பதுதான்.

எங்கள் மேசையிலும் நடந்தது. சில வருஷத்துக்கு முன்னால், குழந்தை கடத்தும் கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது என்று ஒரு ஃபார்வர்ட் வந்தது. போலீஸுக்கு போன் போட்டுக் கேட்கலாம் என்றேன். போட்டி சேனலில் ஓட ஆரம்பித்துவிட்டது, முதலில் ஸ்க்ரோல் போடு, அப்புறம் கேள் என்றார்கள். நான்தான் தட்டச்சு செய்தேன். இருபது நிமிஷம் ஓடியது. பொய் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள், மறுப்பு போடவில்லை. அந்த இருபது நிமிஷம் இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. பிராஸ் ஐ பார்க்கும்போது எனக்குச் சிரிப்பைவிட அந்த உறுத்தல்தான் முதலில் வருகிறது.

#4 மல்லிகா டீச்சர்

நான் மாறுபடுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

பள்ளியில் குழந்தைகளுக்கு ஆற்றுப்படுத்துநராகவும் இருக்கிறேன். பாதிக்கப்பட்ட பிள்ளை வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். சொன்ன பிறகு அந்தப் பிள்ளை கவனிப்பது நம் முகத்தை. நம்புகிறாளா, சிரிக்கிறாளா என்றுதான் பார்க்கும். அந்த வயதில் பட்ட காயத்தோடு வளர்ந்த ஒருவர் அன்று இரவு டிவியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிகழ்ச்சியின் நோக்கம் பத்திரிகைகளைச் சாடுவது என்று அவருக்கு யார் விளக்குவது? சுமார் 3,000 புகார்கள் போயின என்று படித்தேன். அத்தனை பேரும் பீதி பிடித்தவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது, ஏமாற்றியது. நல்லது செய்கிறோம் என்று நம்பி வந்தவர்களை மேடை ஏற்றி அவமானப்படுத்தினார்கள். டேவிட் அமெஸ் 2021 அக்டோபரில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். முப்பத்தெட்டு வருஷம் எம்.பி.யாக இருந்த மனிதர். அவருக்கு எழுதிய அஞ்சலிகளில்கூட அந்த மஞ்சள் மாத்திரை வந்தது. இது நியாயமா அண்ணா?

#5 ஈஸ்ட்ஹாம்வாசி

டீச்சர், இரண்டாவதாகச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய மரணத்துக்குப் பிறகு அந்தக் காட்சியை என்னாலும் பழையபடி பார்க்க முடியவில்லை. ஆனால் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது அவர் பதவியின் வேலை. அந்த வேலைக்கு முன்னால் ஒரு மருத்துவரிடம் கேட்டிருக்கலாம் என்ற வருத்தமும் எனக்குப் போகவில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

முதலாவதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1997 தொடரில் பாலுறவு பற்றிய பகுதி. மோரிஸ் ஒரு டாக் ஷோ தொகுப்பாளராக உட்கார்ந்திருக்கிறார். எய்ட்ஸ் வந்த ஒருவர் பேச வருகிறார். மோரிஸ் உருகுகிறார், கைகொடுக்கிறார். பேச்சின் நடுவில், இரத்தம் ஏற்றியதில் வந்ததா, உறவில் வந்ததா என்று கேள்வி வருகிறது. உறவில் வந்தது என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. அப்படியானால் உங்களுடையது கெட்ட எய்ட்ஸ் என்கிறார். இரத்தம் மூலம் வந்தது நல்ல எய்ட்ஸாம். அதே நாற்காலி, அதே நோயாளி, அதே நோய். இரண்டு நிமிஷத்தில் அந்த ஆள் விருந்தாளியிலிருந்து குற்றவாளி ஆகிவிடுகிறார்.

இதில் கேலிக்கு ஆளானது யார்? நோயாளி இல்லை. அப்பாவி நோயாளி, பாவி நோயாளி என்று பிரித்து எழுதிய பத்திரிகை மொழிதான். எனக்குத் தெரிந்து பிராஸ் ஐயில் வந்ததிலேயே மிகக் கூர்மையான காட்சி இது. மாத்திரைக் காட்சி பேர் வாங்கியது, ஆனால் அதைவிட இது ஆழம்.

எல்லாம் அப்படி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1996 நவம்பரில் வரவேண்டிய தொடரைச் சேனல் 4 தலைவர் மைக்கேல் கிரேட் தள்ளிவைத்தார், வெட்டச் சொன்னார் என்பதற்காக, கடைசிப் பகுதியில் அவரைத் திட்டி ஒரு வாசகத்தை ஒரே ஒரு ஃபிரேமில் ஒளித்து வைத்தார்கள். அது சின்னத்தனம். கடைசியில் தொடரை ஒளிபரப்பியவரும் அதே கிரேட்தானே.

#6 யாழ்ப்பறவை

வணக்கம். நான் இதுவரைக்கும் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ராப்சன் எண்ட பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்கேலாமல் போச்சு.

2000ஆம் ஆண்டு நான் போர்ட்ஸ்மவுத்தில படிச்சுக்கொண்டிருந்தனான். அந்த ஜூலை மாதம் எட்டு வயசுச் சிறுமி ஒராளைக் கடத்திக் கொலை செய்தவங்கள். நாடே அழுதது. அதுக்குப் பிறகு ‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ பத்திரிகை, பழைய குற்றவாளியளின்ர பேரையும் படத்தையும் கிழமைக்குக் கிழமை போடத் துவங்கினது. ஓகஸ்ட் மாதம் போர்ட்ஸ்மவுத்தின்ர வடக்கில, போர்ட்ஸ்டவுன் குன்றடியில இருக்கிற போல்ஸ்குரோவ் குடியிருப்பில சனம் தெருவில இறங்கினது. ஒவ்வொரு இரவும் ஊர்வலம். காருக்கு நெருப்பு வைச்சவை, யன்னலுக்குக் கல்லெறிஞ்சவை. ஒரு சம்பந்தமும் இல்லாத குடும்பங்களும் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது.

நான் பகுதி நேரமா வேலை செய்த கடையில என்னோட நிண்ட பொம்பிளை அந்தப் பக்கத்து ஆள். தன்ர அஞ்சு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு போனவ. மகள் பிடிச்சிருந்த அட்டையில “தூக்கில போடு” எண்டு எழுதியிருந்ததாம். “அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது” எண்டு சொல்லிச் சொல்லியே எனக்கு மீதிக் காசு எண்ணித் தந்தவ. நல்ல மனுசி. எனக்குக் குளிருக்குக் கையுறை பின்னித் தந்தவ.

அதே மாதம் வேல்ஸில நியூபோர்ட் பக்கம் குழந்தை மருத்துவர் ஒராளின்ர வீட்டு முன்கதவில வசை எழுதிவிட்டுப் போனாங்கள். குழந்தை மருத்துவத்துக்கும் அந்தக் குற்றத்துக்கும் ஆங்கிலச் சொல் ஒரே மாதிரித் துவங்கும், அவ்வளவுதான் காரணம்.

இப்ப விஷயத்துக்கு வாறன். போல்ஸ்குரோவ் இருக்கிறது போர்ட்ஸ்மவுத் வடக்குத் தொகுதியில. அதின்ர எம்.பி. அப்ப ஆர் தெரியுமே? சிட் ராப்சன். தன்ர தொகுதியில சனம் வதந்தியை நம்பி வீடுகளுக்குக் கல்லெறிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகேல்லை. அந்த மனுசனே இணையத்தில அயர்லாந்து அளவு இடம் எண்டு எழுதிக் குடுத்ததை வாசிக்கிறார். நான் அண்டைக்குச் சிரிக்கேல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

#7 மல்லிகா டீச்சர்

யாழ்ப்பறவை, இது எனக்குத் தெரியாது. ராப்சன் அந்தத் தொகுதிக்காரர் என்று தெரிந்த பிறகு அந்த வாக்கியத்தின் கனமே வேறாகிவிட்டது. எழுதியதற்கு நன்றி.

ஆனால் அந்தக் கையுறை பின்னிக்கொடுத்த அம்மாவைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவள் பயம் பொய்யா? பக்கத்து வீட்டில் யாரைக் குடிவைக்கிறார்கள் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அதிகாரிகள் பேசாமல் இருந்த இடத்தில் பத்திரிகை பேசியது, அவள் அதை நம்பினாள். நிகழ்ச்சியிலும் வெளியே திரண்டு நிற்கும் கும்பலைக் காட்டுகிறார்கள் அல்லவா? படித்தவர்கள் மேலே நின்று ஏழைகளைப் பார்த்துச் சிரிப்பது போல எனக்கு அது பட்டது.

#8 யாழ்ப்பறவை

அக்கா, அந்தக் கும்பல் காட்சி எனக்கும் பிடிக்கேல்லை. அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த நிகழ்ச்சியில மாட்டுப்பட்டவை போல்ஸ்குரோவ் தாய்மார் இல்லை. எம்.பி.மார், பாட்டுக்காரர், டிவி முகங்கள். அந்தத் தாய்மாருக்கு ஆர் சொன்னால் சனம் நம்புமோ, அவையைத்தான் மோரிஸ் பிடிச்சவர்.

#9 கரிசல்

குறுக்கே ஒரு வார்த்தை. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம். வழியில் நிறுத்தி, அதில் இருந்த வயசான அம்மா விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா செத்துப்போனார். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் காரணம். எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளித்தான். எங்கள் தெருவில் ஐஸ் விற்க வருகிறவர்கூட அதற்குப் பிறகு ரெண்டு மாசம் வரவில்லை.

செய்திமேசை சார் சொன்ன ஸ்க்ரோலும் அந்தக் காலத்தில்தான் என்றால், அவர் உறுத்தலுக்குக் காரணம் இருக்கிறது.

#10 செய்திமேசை

அதே காலம்தான் கரிசல்.

மறுநாள் பத்திரிகைகள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பிராஸ் ஐ முழுமையானது ஒளிபரப்பான இரவில் இல்லை, அதற்கு அடுத்து வந்த நாட்களில்தான் என்பது என் கருத்து. உள்துறையில் அமைச்சராக இருந்த பெவர்லி ஹியூஸ், சொல்லமுடியாத அளவுக்கு அருவருப்பானது என்று கண்டித்தார். பார்த்தீர்களா என்று கேட்டால், பார்க்கவில்லை. ‘டெய்லி ஸ்டார்’ இதழில் நிகழ்ச்சியைத் திட்டிக் கட்டுரை, அதை ஒட்டியே 15 வயதுப் பாடகியின் படம், அவள் உடம்பு வளர்ந்திருப்பதைப் பற்றி இரட்டை அர்த்தத்தில் ஒரு குறிப்பு. ஒரே அச்சு, ஒரே நாள். பக்கம் கட்டிய துணை ஆசிரியருக்கு இரண்டும் ஒன்றாகக் கண்ணில் பட்டிருக்கும். எனக்குத் தெரியும், பக்கம் கட்டுகிறவன் எல்லாவற்றையும் பார்ப்பான்.

இன்னொன்று. அந்த மஞ்சள் மாத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியவர்களில் ரோல்ஃப் ஹாரிஸும் ஒருவர். பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டி நாடே கொண்டாடிய மனிதர். 2014-ல் சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காகச் சிறைக்குப் போனார். பிள்ளைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய பிபிசி தொகுப்பாளர் ஜிம்மி சாவில், 1990-ல் சர் பட்டம் வாங்கியவர், 2011-ல் மரியாதையோடு அடக்கமானார். அவரைப் பற்றிய விசாரணையை பிபிசியின் ‘நியூஸ்நைட்’ நிகழ்ச்சி அந்த வருஷக் கடைசியில் கைவிட்டது. 2012 அக்டோபரில் ஐடிவி ஆவணப்படம் வந்த பிறகுதான் பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் பேசினார்கள். பத்திரிகைகள் குடியிருப்புகளில் முகம் தெரியாத ஆளைத் தேடச் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்களில், சாவில் மருத்துவமனைகளிலும் டிவி நிலையத்திலும் சுதந்திரமாக நடமாடிக்கொண்டிருந்தார். மோரிஸுக்கு இது முன்னமே தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. பிரபலம் சொன்னால் கேள்வி இல்லை என்ற பழக்கத்தை அவர் தொட்டுக்காட்டினார். சாவிலைக் காப்பாற்றியதும் அந்தப் பழக்கம்தான்.

‘நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்’ 2011 ஜூலையில் மூடியது. கொலையுண்ட ஒரு சிறுமியின் கைப்பேசிக் குரல் அஞ்சலை ஒட்டுக்கேட்டது வெளியே வந்ததும் மூடினார்கள்.

#11 மல்லிகா டீச்சர்

நேற்று இரவு அந்த 2001 நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தேன். பாதியில் ஒருமுறை நிறுத்திவிட்டு எழுந்து போனேன், திரும்ப வந்து முடித்தேன்.

நிஜக் குழந்தைகள் வரும் காட்சிகள் சில இருக்கின்றன. அவற்றை என்னால் ஏற்கவே முடியாது. அந்தப் பிள்ளைகளுக்குத் தாங்கள் எதில் நிற்கிறோம் என்று தெரியாது. பெரியவர்கள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அது போதாது. இந்த இடத்தில் என் கருத்து மாறவில்லை.

ஆனால் செய்திமேசை சார் எழுதியது தூங்கவிடவில்லை. என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சொன்னது அந்நியனைப் பற்றி இல்லை. மாமா, டியூஷன் சார், அப்பாவின் நண்பர். “அவர் நல்லவர் ஆச்சே” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அந்தப் பிள்ளைகளுடைய முதல் வாக்கியம். வேனில் வந்து பிடித்துப்போகும் ஆளைப் பற்றியே பள்ளிகளில் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம், நானும் கொடுத்திருக்கிறேன். எங்கள் பள்ளிச் சுவரில் ஒரு படம் உண்டு: கறுப்புக் கண்ணாடி, சாக்குப்பை, மீசை. நாளைக்குக் காலையில் தலைமையாசிரியரிடம் பேசி அதை எடுக்கச் சொல்லப் போகிறேன்.

#12 புதுவாசகன்

டீச்சர், எடுத்ததும் அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று இங்கே எழுதுங்கள். என் அக்கா பையன் இந்த வருஷம்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறான்.